பாசி பிடிக்காத தண்ணீர்

ஏழு நாற்பதுக்கு ஷைனி முதல் பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. பாட்டில் காலியோ என்று தோன்றியது. உள்ளே நின்ற தண்டின் அடி மட்டும் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்பாகியிருந்தது. வெளியே எடுத்து விரலால் நீவினாள். தோல் வழன்று கையோடு வந்தது. உள்ளே நார்போல ஒன்று மிச்சமிருந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

பர்ச்சேஸில் ஆறு, அக்கவுண்ட்ஸில் எட்டு, மாடியில் பதினாறு, மற்றவை டிஸ்பாட்ச் பக்கம். மேசைக்கு ஒன்றாக நாற்பது. ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் மஞ்சளான இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். நேற்று பதினேழு இலை. இன்று கீழ்த்தளம் முடிவதற்குள்ளேயே அவளுடைய நீலக் கோட்டின் பை நிரம்பிவிட்டது. கிள்ளக் கிள்ளச் சில பாட்டில்களில் குச்சி மட்டும் நின்றது. குச்சியை மேசைமேல் வைத்திருக்க முடியாது. எடுத்துவிட்டால் அந்த மேசை காலியாகத் தெரியும், யாராவது கேட்பார்கள். ஓர் இலையாவது இருந்தவற்றை நடைபாதை ஓரத்து மேசைகளுக்கு மாற்றினாள். மொட்டைக் குச்சிகளைப் பிரிண்டருக்குப் பின்னால் தள்ளினாள்.

இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. மணி பிளாண்ட் வேர்விடப் பத்து நாள் போதும். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும், அடி இலையைக் கிள்ள வேண்டும், கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் நின்ற தகர டப்பாவில் தவறி விழுந்த துண்டுகூட வேர்விட்டு அவள் பார்த்திருக்கிறாள். தப்புச் செய்யவே முடியாத ஒரு வேலை. அதில் எங்கே தப்புச் செய்தாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

இதற்கு முன்னால் நாலு வருடம் அவள் பிக்ளிங் ஷெட்டில் இருந்தாள். இரும்புக் குழாய்களைத் துரு போக ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கும் இடம். தரையைக் கழுவிவிடுவது அவள் வேலை. மாஸ்க் கொடுத்தார்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே இருமினாள். கொலுசு மூன்று மாதத்தில் கறுத்தது. தேய்த்துப் போட்டாள், மறுபடி கறுத்தது, கழற்றி வைத்துவிட்டாள். புடவையின் கீழ்ப்பாதியில் கடுகளவு ஓட்டைகள் விழுந்தன. ஆபீசைப் பெருக்கித் துடைத்தவள் பிரசவத்துக்குப் போனபோது ஆறு மாதத்துக்கு ஷைனியை மேலே ஆபீசுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. நின்ற பிறகுதான் நாலு வருடமாக இருமிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வந்தாள். ஆபீசுக்கு ஓர் ஆள் போதும் என்றார் ஃபேக்டரி மேனேஜர். எச்.ஆர். பார்க்கும் ஹுமைரா மேடம்தான் விடவில்லை. பழவேற்காட்டுக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. காப்பி போடும் பாண்ட்ரியில் ஷைனி ஒரு காப்பித்தூள் பாட்டிலில் வைத்திருந்த மணி பிளாண்ட் அவள் கண்ணில் பட்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வரப்போகிறார்கள், அதற்குள் எல்லா மேசையிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மேலே எழுதினாள். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அன்று பாண்ட்ரி கதவைச் சாத்திவிட்டு ஷைனியிடம் சொன்னாள்.

"செடி இருக்கிற வரைக்கும் நீங்க மேலதான் இருப்பீங்க, ஷைனிக்கா."

நாற்பது துண்டுகளும் ஷைனியின் வீட்டுச் செடியிலிருந்து வந்தவை. கவரைப்பேட்டையில் ஒரு ஹாலும் சமையலறையும் உள்ள வீடு. ஜன்னலோரம் பெயின்ட் பக்கெட்டில் வேரூன்றி, ஆணிக்கு ஆணி நூல் பிடித்து, கொடி ஹாலைச் சுற்றி வந்திருந்தது. இயேசு படத்துக்கு மேலே, ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, நிலையைத் தாண்டிச் சமையலறைக்குள். ஒன்பது வருடக் கொடி. போன கிறிஸ்துமஸுக்கு அவள் புருஷன் அன்புசெல்வன் சுவருக்குச் சந்தன நிறம் அடித்தபோது கொடியை இறக்க அவள் விடவில்லை. அவன் திட்டிக்கொண்டே அதை ஒட்டி ஒட்டி அடித்தான். அவள் கொடியை வெட்டி இறக்கிய அன்று ஹாலைச் சுற்றிப் பழைய நீலம் ஒரு கோடாகத் தெரிந்தது. பக்கெட்டில் ஒரு சாண் குச்சியும் மூன்று இலைகளும் மிஞ்சின. ஒரு வருடத்தில் மறுபடி வந்துவிடும் என்று அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

முதல் பத்து நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. கணுக்களில் வெள்ளை முனைகள் தெரிந்தன. கூடவே பாசியும் வந்தது. ஹுமைரா வாங்கியவை பளிங்கு மாதிரியான பாட்டில்கள். ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே இறங்கியது. பிரவுன் பாட்டிலாக வாங்கியிருந்தால் பாசி வராது, வந்தாலும் தெரியாது என்று ஷைனி முதலிலேயே சொல்லிப் பார்த்தாள். பாசியால் செடிக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் மேனேஜர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, இது ஆபீசா குட்டையா என்று கேட்டார். அதன்பிறகு ஷைனி தினமும் நாற்பதையும் கழுவினாள். பிரஷ் கழுத்துக்குள் போகவில்லை. அரிசியைப் போட்டுக் குலுக்கினாள். எடுத்து வைக்கும்போது புதுவேர்கள் ஒடிந்தன. அப்படியும் இரண்டே நாளில் பாசி திரும்பவும் ஏறியது.

இதை அன்புசெல்வனிடம் சொன்னாள். அவன் அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் கம்ப்ரஸர், மெஷின்களைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றும் கூலிங் டவர் எல்லாம் பார்க்கிற ஆள். தட்டில் கையை வைத்தபடி கொஞ்சம் யோசித்தான்.

"பாசி புடிக்காத தண்ணி எங்கிட்ட கீது," என்றான். "கூலிங் டவர் தண்ணி. வருசம் பூரா வெயில்ல நிக்குது. ஒரு பொட்டுப் பாசி காட்டு பாக்கலாம்."

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வரும்போது சாப்பாட்டுப் பையில் இரண்டு பெரிய பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தான். கேட்டில் செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பான். தண்ணீர் பாட்டிலைப் பார்க்க மாட்டான். அவள் அதைக் காலையில் ரயிலில் தூக்கிவந்தாள். பாசி வரவில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஒரு வாரம், தண்ணீர் ஊற்றியபடியே நின்றது. ஹுமைரா ஒரு பாட்டிலைப் போட்டோ எடுத்தாள். எப்படி என்று அவள் கேட்டதற்கு, நல்லாக் கழுவினேன் மேடம் என்று ஷைனி சொன்னாள். வீட்டில் இதைச் சொன்னபோது அன்பு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டான். அவனுடைய வேலை வீட்டில் யாருக்கும் எதற்கும் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

டிஸ்பாட்ச்சில் இருக்கும் லோகு எட்டே முக்காலுக்கு வந்தான். அவனுடைய ரயில் எப்போதும் முன்னால் வந்துவிடும். அவளுடைய கோட்டுப் பையைப் பார்த்தான்.

"இன்னாக்கா, தழை பறிச்சிக்கினு கீற? ஆடு எதுனா வாங்கிட்டியா?"

அவள் அடுத்த இலையைக் கிள்ளினாள். லோகு நாற்காலியில் உட்கார்ந்து காரணத்தை விளக்கினான். மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் வரும். அவள் நாற்பது பேருக்கும் கையில் கொடுத்து வைத்தாள், எப்படி வரும்? அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் ஆளுக்கு ஒன்றாகத் திருடிக்கொள்கிறோம், அப்புறம் எப்படிக் கிளம்புகிறது பார் என்றான்.

"என்னுது மட்டும் எப்டி வந்துச்சின்ற? திருட்டுக் கை."

அவள் திரும்பினாள். லோகுவின் பாட்டில் அவன் மேசையில் இல்லாமல் போய் இரண்டு வாரமாகிறது. வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான் என்று நினைத்து விட்டுவிட்டாள். அவன் ஃபைல் அடுக்கை நகர்த்தினான். பின்னால் இருந்தது. நாலு இலை. ஐந்தாவது சுருளாக வெளியே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. கணுவிலிருந்து மூன்று வேர்கள், வெள்ளையாக, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"இதுக்கு இன்னா பண்ண?"

"ஒன்னியும் பண்லக்கா. கை பட்டு உயுந்துட்ச்சி. நீ கத்துவியேன்னு என் பாட்டில்லேர்ந்து ஊத்தி அப்டியே பின்னால வெச்சிட்டேன்."

"எந்தத் தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான். வேற இன்னா தண்ணி இருக்குது?"

ஷைனி அந்த வேர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாண்ட்ரிக்குப் போய் வாளியை எடுத்துவந்தாள். ஒவ்வொரு மேசையாக அந்தத் தெளிவான தண்ணீரைக் கொட்டிவிட்டு, குடிக்கிற தண்ணீரை ஊற்றினாள். பலன் இருக்காது என்று தெரிந்தேதான் ஊற்றினாள். அழுகிய தண்டு திரும்ப வராது. ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பர்ச்சேஸில் ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அன்பு ஜன்னலோரம் குந்தியிருந்தான். கையில் பெரிய பாட்டில். அதைப் பக்கெட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். தினம் மிஞ்சுகிறதே, வீணாகப் போவானேன் என்று இதற்கும் ஊற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னான். மூன்று இலைகளில் இரண்டு மஞ்சள். வெட்டியதால் செடி இளைத்துப்போயிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"இந்தத் தண்ணில இன்னா போடுறீங்க?"

அவன் உற்சாகமாகவே சொன்னான். துரு பிடிக்காமலிருக்க ஒன்று. உப்புப் படியாமலிருக்க ஒன்று. வாரத்துக்கு ஒரு தடவை நீல டிரம்மிலிருந்து ஒன்று.

"நீல டிரம்மு எதுக்கு?"

"பாசிய சாவடிக்கிறதுக்கு."

"பாசின்றது இன்னா? செடிதானே?"

"பாசி செடியா? பாசி, பாசி." சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். "நான் டெய்லி இதுலதான் கை கழுவறேன்," என்று கைகளை விரித்துக் காட்டினான்.

"உன் கை வேரு வுடணுமாய்யா?"

அவன் எழுந்து மீதித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டினான். பாட்டிலை இரண்டு தடவை அலசினான். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. யாரிடமாவது சொன்னாளா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். இந்த வருடம் பெர்மனன்ட் ஆக்கப் போகிறவர்கள் லிஸ்டில் அவன் பெயர் இருக்கிறது. போன மாதம் ஒரு ஃபிட்டர் இரண்டு முழம் செம்புக் கம்பியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனதற்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். இது கெமிக்கல். அதுவும் இன்னொரு கம்பெனிக்குள்ளே கொண்டுபோய், நாற்பது மேசையில்.

"நல்லதுன்னுதான் கொண்டாந்தேன்," என்றான்.

"தெரியும்."

அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவன் குடித்துவிட்டு வந்து செடியை உதைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இரண்டு பாட்டில் தண்ணீரைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினோரு நாள் வந்திருக்கிறான். ஒரு நாள்கூட மறக்கவில்லை. அவள் பக்கெட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மண்ணைக் கையால் கிளறினாள். உள்வேர்கள் பழுப்பாக இருந்தன, இழுத்தால் வந்தன. அன்பு பின்னால் வந்து நின்றான். வேற செடி கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தான் போல, பிறகு குனிந்து சிந்திய மண்ணை அள்ளினான்.

அடுத்த இரண்டு நாளும் வேலை முடிந்து வந்ததும் மணி பிளாண்ட் துண்டு கேட்டுத் தெருவுக்குள் வீடு வீடாகப் போனாள். கேட்டதும் அவளே வெட்டிக் கொடுத்த வீடுகள் மூன்று. மற்ற வீடுகளில் தொங்குவதெல்லாம் அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கிள்ளப்பட்டவை. எதிர்வீட்டு ஹெலன், தன்னுடையது மாமியார் ஊரிலிருந்து வந்தது என்றாள். இரண்டு பேரும் அந்த வெள்ளைத் தெறிப்பு போட்ட இலையைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் அப்படி இலை போடும் கொடி ஒன்றுதான் இருந்தது. ஹெலன் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து நாலு துண்டு வெட்டிக் கொடுத்தாள். இன்னொருத்தி, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது, காலையில் வா என்றாள். அன்று வியாழக்கிழமை என்று ஷைனி சொல்லவில்லை. மொத்தம் பதினொன்று சேர்ந்தன. நாற்பதுக்குப் பதினொன்று. மேனேஜர் நடக்கும் வழியில் மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில், அவளை இங்கே வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டருடைய சூப்பர்வைசர் சடையப்பன் மொபெட்டில் உட்கார்ந்தபடியே நின்றிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து ஷெட் என்றார். செங்குன்றத்திலிருந்து நர்சரிக்காரர்கள் வருகிறார்களாம். தொட்டியும் அவர்களுடையது, தண்ணீர் ஊற்ற ஆளும் அவர்களுடையது. ஷைனி தன் பையைக் காட்டினாள், புதுசு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். அவர் பைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட காட்டி இன்னா பிரயோஜனம்மா? நான் இன்னா தோட்டக்காரனா?"

மாடிக்குப் போனாள். மேசைகளில் பாட்டில்கள் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். மேசைகளில் ஈர வட்டங்கள் இருந்தன. அவற்றைத் துடைப்பது அவள் வேலை, துடைத்தாள்.

மூன்று மணிக்கு ஹுமைரா கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள். ஷைனி அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹுமைரா எடுத்தவுடன் கோபப்படவில்லை. எங்கே போட்டாலும் முளைக்கிற செடியை வளர்க்கத் தெரியாத ஆளுக்கா நீ சிபாரிசு செய்தாய் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்ப மாட்டேன். பாண்ட்ரி பாட்டில நானே பார்த்தேன். ஏதோ நடந்திருக்கு. பாட்டிலா, தண்ணியா, யாராவது எதையாவது ஊத்தினாங்களா? என்னன்னு சொன்னா சார் கிளம்பறதுக்குள்ள இன்னொரு தடவை பேசிப் பார்ப்பேன்."

தண்ணீர் என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு அடுத்த கேள்வி எங்கேயிருந்து என்பது. அதற்கு அடுத்தது யார் என்பது. ஹுமைரா கெட்டவள் இல்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியாது, அது அவள் வேலை. நாற்பது மேசையில் கெமிக்கல் என்றால் எழுத வேண்டும், எழுதினால் மேலே போகும். எஸ்டேட்டில் உள்ள எச்.ஆர்.காரர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒரே குரூப்பில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது ஷைனி பார்த்திருக்கிறாள், அன்புவின் கம்பெனி பெயரும் அதில் வரும். அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஷெட்டின் கூரையில் ஓட்டை போட்ட இடத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து சாய்ந்துகொண்டிருந்தது. செய்தித்தாள் கசிந்து புடவை முழங்காலில் ஈரமாகியிருந்தது.

"என்னால ஆவல மேடம்," என்றாள்.

ஹுமைரா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு தாளை இழுத்தாள். கான்ட்ராக்டருக்குத் திருப்பி அனுப்பும் தாள். பெயர் எழுதினாள், டோக்கன் நம்பர் எழுதினாள், தேதி போட்டாள். வேலை சரியில்லை என்று எழுதினால் கான்ட்ராக்டர் ஷெட்டிலும் வைக்க மாட்டார், அது இரண்டு பேருக்கும் தெரியும். பேனா ஓரிடத்தில் வந்து நின்றது. மேலே வராண்டாவில் மேனேஜரின் அறைக் கதவு திறந்து மூடியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றாள் ஹுமைரா. "நான் என்ன எழுதட்டும், ஷைனிக்கா?"